புதுச் சுடிதார் கடித்த கதை

தீபாவளி விடுமுறை முடிந்து பனியன் கம்பெனிகள் திறந்த அன்று, பல்லடம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த பெண் முழங்கையைச் சொறிந்தபடி சொன்னாள்:

"புதுச் சுடிதாரு என்னையக் கடிச்சு வெச்சிருச்சுங்க்கா."

பக்கத்தில் இருந்த அக்கா தடிப்புகளைத் தொட்டுப் பார்த்தார். "என்னமோ பூச்சி கடிச்ச காணாக்கடியாட்ட இருக்குது. வெத்தலைல மிளகு வெச்சுத் தின்னயா கண்ணு?"

"தின்னும் போகலீங்க்கா. டாக்டரு மாத்திரை குடுத்தாரு. புதுத்துணில கெமிக்கல் இருக்குமாமா. தொவைச்சுட்டுத்தான் போடோணுமாமா."

புதுச் சட்டைக்குள் எனக்கும் அரித்தது.

"அதையத்தான நீ கம்பெனில தெனமும் லேபிளா வெச்சுத் தெக்கற? 'தொவைச்சுட்டுப் போடவும்'னு சூப்பர்வைசரு படிச்சுக் காட்டுனாரல்லோ?"

"அது வெள்ளக்காரங்களுக்குங்க்கா. அவிங்க புதுத்துணிக்கு மஞ்சள் வெக்கறதில்ல. நான் வெச்சுத்தானுங்களே போட்டேன்!"