அஞ்சு விரலும் மடங்கினால்

இல்லை மாத்தையா, கதிரை வேண்டாம், நிண்டே சொல்லுறன். சரி, சரி, இருக்கிறன், கோவிக்காதேங்கோ. போனமுறையும் சொன்னனான், பேர் பிரான்சிஸ்கா. ஊர் பேசாலை. நாப்பது நாளைக்கு முன்னம் சுற்றிவளைப்பிலை ஒரு இங்கிலீசுக் கொப்பியோடை ஒரு பெடியனைப் பிடிச்சியளே, பெனடிக்ற் எண்டு, அவன்ரை தாய். அவனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான். நாப்பது நாள் எண்டால் ஒரு தபசுகாலம் முடிஞ்சுது மாத்தையா. எங்கடை ஆண்டவரே நாப்பது நாளோடை வனாந்தரத்தாலை வெளிக்கிட்டிட்டார்.

கடிதமோ? ஓம், எங்கடை கோயில் பாதர் தந்துவிட்டவர். காம்ப் வாசலிலை துவக்கோடை நிக்கிற தம்பி அதைத் தலைகீழாப் பிடிச்சு வடிவா வாசிச்சுப்போட்டுத் தானே வச்சுக்கொண்டார். பறவாயில்லை, உங்களுக்குத் தமிழ் நல்லா விளங்குது, அது மாதாவின்ரை கிருபை.

அந்தக் கொப்பியிலை இருக்கிறது இயக்கத்தின்ரை ரகசியப் பாசை எண்டு சொல்லுறியள். வசனமே இல்லை, சொல்லுச் சொல்லா இருக்குது எண்டு. அது ஒரு போட்டி மாத்தையா. பாதருக்குக் கொழும்பிலையிருந்து ஒரு இங்கிலீசுப் பேப்பர் வாறது. வாசிச்சு முடியக் கருவாடு சுத்தட்டும் எண்டு எனக்குத் தருவார். அதின்ரை கடைசிப் பக்கத்திலை அஞ்சு எழுத்துப் போட்டிருந்தினம். ஏ, ஈ, ஆர், ரி, என். இந்த அஞ்சும் உள்ளுக்கை இருக்கிற சொல்லுகளைத் தேடி எழுதவேணும். எந்த எழுத்து முன்னுக்கு நிண்டாலும் குற்றமில்லை. எவர் கனக்கச் சொல்லுப் பிடிக்கினமோ அவைக்கு ஒரு றேடியோ. இஞ்சை பற்றறிக்குத் தடை, வெண்டாலும் அது சத்தம் போடாது, அது வேறை கதை. அலுமாரிக்கு மேலை வச்சுப் பாக்கலாம்தானே?

ஏன் மினக்கெட்டதோ? நீங்கள் கடலுக்குப் போகவேண்டாம் எண்டு மறிச்சு வச்சிருந்த நேரம் மாத்தையா. வலையெல்லாம் காய்ஞ்சு கிடந்தது. வாலிபப் பெடியன் றோட்டுக்கு இறங்கினால் நீங்கள் ஏத்துவியள். பனைக்குள்ளை போனால் இயக்கக்காரர் ஏத்துவினம். வீட்டுக்குள்ளை இருந்து சொல்லுப் பிடி ராசா, சொல்லுப் பிடிக்கிறதுக்கு ஆமியின்ரை பாஸ் தேவையில்லை எண்டு கொப்பியைக் குடுத்தது நான்தான். அந்தப் பாவம் என்ரை.

ஐயோ, எனக்கெங்கை இங்கிலீசு! அஞ்சாம் வகுப்பு, அதுவும் தமிழ். எழுத்தின்ரை முகம் மட்டும் தெரியும். அகராதி முதுகு வெடிச்சு ரெண்டாக் கிடந்தது. முன்பாதி அவனுக்கு, பின்பாதி எனக்கு. ஒவ்வொரு சொல்லா விரல் வச்சுப் பாப்பன். ஏ கண்டால் பெருவிரலை மடிப்பன், ஈ கண்டால் அடுத்தது. அஞ்சு விரலும் மடங்கினால் ஒரு சொல்லு. மடங்கினதும் ஒரு அருள்நிறைந்த மந்திரம். பத்துச் சொல்லுக்குச் செபமாலையிலை ஒரு பத்துமணி. அப்பிடி எத்தினை செபமாலை முடிச்சனான் தெரியுமோ? கருத்து எனக்கென்னத்துக்கு? மீன் பிடிக்கிறவன் மீனிட்டைப் பேர் கேக்கிறவனோ?

ஓம், போனமுறை நீங்கள் காட்டினியள், சிவப்புக் கோடு போட்டு. மூண்டு சொல்லுக்கு. பாதர்தான் பிறகு கருத்துச் சொன்னவர். டெட்டனேற்றர் எண்டால் வெடிக்கு வைக்கிற சாமானாம். லிபரேசன் எண்டால் விடுதலையாம். செப்பரேசன் எண்டால் பிரிஞ்சு போறதாம். அந்தக் கடைசிச் சொல்லு நான் பிடிச்சது, பெடியன் இல்லை. ஆனால் அதுக்குப் பக்கத்திலை கார்பென்ரர் எண்டு இருக்குதே, தச்சன், எங்கடை சூசையப்பற்றை தொழில், அதுக்கு ஏன் கோடு இல்லை? பேரன்ற் எண்டும் இருக்குது, தாய் தகப்பன். பார்லிமென்ற் எண்டும் இருக்குது. கோடு போடாத இந்த மூண்டிலையும் ஆபத்துக் கூடினது எது எண்டு நான் சொல்லமாட்டன், நான் படியாதவள். இன்ரறோகேசன் எண்டு ஒரு நீட்டுச் சொல்லு, விசாரணையாம். எழுதின அண்டைக்கு அவனுக்குக் கருத்துத் தெரியாது. இப்ப தெரிஞ்சிருக்கும்.

குற்றம் எண்டால் அகராதியைப் பிடிக்கவேணும் மாத்தையா. அதுக்குள்ளை இன்னும் எவ்வளவு கிடக்குது. அது முழங்காலிலை நிண்டு பதில் சொல்லாது எண்டதாலையோ பெடியனைப் பிடிச்சனீங்கள்?

மன்னியுங்கோ. வாய் தவறிச் சொல்லிப்போட்டன். தண்ணி வேண்டாம்.

என்ன சொன்னனீங்கள்? கொப்பியைக் கொழும்புக்கு அனுப்பியிருக்குதோ? பெரிய ஆக்கள் பாத்து, பதில் வந்தால்தான் அவனை விடலாமோ?

ஓம் மாத்தையா. கொழும்புக்குப் போனது எனக்கும் தெரியும். பதிலும் வந்திட்டுது.

போன ஞாயிற்றுப் பேப்பரிலை. பாதர் பூசை முடிய என்னைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினவர். முதலாம் பரிசு, மன்னாரிலை சேவை செய்யிற ஒரு அதிகாரிக்கு. முன்னூற்றிப் பன்ரண்டு சொல்லாம். எங்கடை கொப்பியிலையும் முன்னூற்றிப் பன்ரண்டு, நான் எண்ணினனான். போட்டிக்கு அனுப்பவெண்டு பேப்பரிலை வெட்டின கூப்பனும் அந்தக் கொப்பிக்குள்ளைதான் இருந்தது. பேப்பரிலை கிடந்த பேரை நான் ஒரு துண்டிலை பாத்து எழுதிக்கொண்டு வந்தனான். இந்தா. வந்து இருந்த நேரந்தொட்டு உங்கடை சட்டையிலை குத்தியிருக்கிற பேரையும் இதையும் எழுத்தெழுத்தாப் பாக்கிறன். ஒண்டும் பிசகேல்லை.

எழும்பாதேங்கோ, இருங்கோ. கதவைச் சாத்தவும் வேண்டாம். நான் கோவிக்க வரேல்லை. பேப்பர்க் கந்தோர்ப் பெரிய ஆக்கள் எல்லாச் சொல்லையும் பாத்துப்போட்டுத்தானே பரிசு தந்தவை? அதிலை ரகசியம் ஒண்டும் இல்லை எண்டு அவையே சொல்லிப்போட்டினம். றேடியோவை நீங்களே வச்சிருங்கோ மாத்தையா, உங்களுக்கெண்டால் பற்றறியும் கிடைக்கும். பெடியனை மட்டும் தாங்கோ.

வேறை ஆருக்கும் சொல்லேல்லை. பாதருக்குத்தான் தெரியும். அவர் பேப்பருக்கு இங்கிலீசிலை ஒரு கடிதம் எழுதி, முத்திரையும் ஒட்டிப்போட்டார். கொஞ்சம் பொறுங்கோ பாதர், மாத்தையாவும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே எண்டு நான்தான் மறிச்சு வச்சிருக்கிறன். ரெண்டு மணி பஸ்ஸுக்குப் பேசாலைத் தபால்கந்தோர் வாசலிலை கடிதத்தோடை நிப்பார். நான் தனிய இறங்கினால் தபாலிலை போடுவார். ரெண்டு பேரா இறங்கினால் கிழிச்சுப்போட்டு வீட்டை போவார்.

வயசுபோன மனிசன். இந்த வெயிலுக்கை அவரைக் கனநேரம் நிக்க வைக்கிறது பாவம், என்ன மாத்தையா?