வாசலில் ஒரு நீலக் கட்டம்

சொந்த வீடு இருந்தால் போதாது சார், வாசலும் சொந்தமாக இருக்க வேண்டும். கார் வாங்கிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு என்னிடம் பத்திரம் இருந்தது. வாசலுக்கு முன்னால் இருந்த தெருவோ நகராட்சியுடையது. அங்கே முதலில் வந்து நிறுத்துகிறவருக்குத்தான் இடம்.

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டீர்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாக நுழைத்து நிறுத்துவதை இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் கற்றுத்தந்தேன். அவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிறுத்தினார்கள். குருவை மிஞ்சிய சிஷ்யர்கள். குருநாதர் மட்டும் சாயங்காலமானால் இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருப்பார். வாசலைக் கடக்கும்போது ஜன்னல் வழியாகக் காய்கறிப் பையை மனைவியிடம் நீட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவேன். நான் இடம் பிடித்து, நடந்து வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் காய் வெந்து ஆறியிருக்கும்.

அப்போதுதான் மாமா எங்களோடு வந்து தங்கினார். என் மனைவியின் அப்பா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். தெருவே அவரை விசில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வந்த புதிதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவர் அப்படி விழுந்ததற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், எனக்குச் சாதகமாக இருக்கப்போவது அது ஒன்றுதான்.

அறுவைச் சிகிச்சை முடிந்து மாமா சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார். நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டு வாசலில் நகராட்சியே ஓர் இடத்தை ஒதுக்கித் தரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என் மனைவி மனு கொடுத்தாள். ஒருநாள் காலை ஆட்கள் வந்து எங்கள் வாசலில் நீலக் கட்டம் போட்டு, நடுவில் சக்கர நாற்காலிப் படம் வரைந்து, கண்ணாடியில் ஒட்ட ஓர் அட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை நேராக வந்து நிறுத்தினேன். எஞ்சினை அணைத்த பிறகும் இறங்க மனம் வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அழுதேன். கல்யாணத்தில்கூட நான் அழுததில்லை.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். எனக்கு மடம் எல்லாம் வேண்டாம், இடம் போதும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். நடக்க முடியாதவர் நடக்கத் தொடங்கிவிட்டால் கட்டம் போய்விடும். எங்கள் தெரு குறுகலானது என்பதால் அங்கே ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் அனுமதி. தெருக்கோடியில் இருக்கும் டெய்லரும் மனு போட்டிருந்தார். அவர் மனைவிக்கு இரண்டு காலும் வராது. இடம் காலியானால் உங்களுக்குத்தான் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதுவரை அவர் தன் வேனை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு மனைவியைத் தூக்கிக்கொண்டு வருவார். என் காரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரிப்பில் நான் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் மாமாவைச் சோதித்துவிட்டு, விளையாட்டு உடம்பு, சீக்கிரமே நடந்துவிடுவார் என்றார். வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் தாமதமாக.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் உதவிதான் சார். மாமா தண்ணீர் எடுக்க எழுந்திருக்கப் பார்த்தால், அதற்குள் டம்ளர் அவர் கையில் இருக்கும். பேப்பர், மூக்குக் கண்ணாடி, மாத்திரை எல்லாமே அவரைத் தேடி வந்தன. எது வேண்டுமானாலும் விசில் ஊதுங்கள், நான் ஓடி வருகிறேன் என்றேன். வாழ்நாளெல்லாம் விசில் ஊதி ஊராரை ஓடவைத்தவருக்கு அது பிடித்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில், மாமா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாமே என்று வாசலிலேயே மெல்லச் சொல்லி அனுப்பிவிடுவேன். மாமாவிடம், அவருக்கு இன்று வேறு வேலையாம் என்பேன். இடையிடையே, இரண்டாவது தடவை விழுந்தவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த கதைகளைச் சொல்வேன். தெரியாத கதைகளையும் சொல்வேன்.

ஊர் மெச்சியது. பெற்ற பிள்ளைகூட இப்படித் தாங்கமாட்டான் என்று பக்கத்து வீட்டம்மாள் தன் மகனுக்குக் கேட்கும்படி சொன்னாள். என் மனைவி என்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவன் என்று ஒரு பழமொழி உண்டு. ஆனால் தொட்டிலை நன்றாக ஆட்டினால் யாரும் கிள்ளலைப் பற்றிக் கேட்பதில்லை. கொஞ்ச நாளில் ஆட்டுகிறவனுக்கே அது மறந்துவிடுகிறது. நான் நல்ல மாப்பிள்ளை என்று நானே நம்பத் தொடங்கினேன்.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முகத்தில் குறும்பு. கட்டிலுக்குப் பின்னாலிருந்து வாக்கரை இழுத்து முன்னால் வைத்து, கையூன்றி எழுந்து, ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு தினமும் தனியாகப் பயிற்சி செய்திருக்கிறார்.

“நாளைக்கு அந்த அதிகாரியம்மா வர்றப்போ நானே போய்க் கதவைத் திறக்கப்போறேன், மாப்பிள்ளை. பொண்ணுகிட்ட இப்போ சொல்லிடாதீங்க.”

“எதுக்கு மாமா இவ்வளவு அவசரம்?”

“நமக்கு எதுக்கு அந்த இடம்? டெய்லர் சம்சாரத்துக்குப் போகட்டும். அந்த மனுஷன் தூக்கிட்டுப் போறதை ஜன்னல்ல பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு எழுந்து நிக்கணும்னு வீம்பே வந்துது.”

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. நான் இல்லாத நேரத்தில், என் வீட்டிலேயே, எனக்குத் தெரியாமல் இப்படி ஒரு காரியம். என்னை ஏமாற்றிவிட்டாரே என்றுதான் தோன்றியது. இவ்வளவு செய்த ஒருவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருந்தாலும் நான் மரியாதை தெரிந்தவன். வாழ்த்து சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மறுநாள் காலை விருந்தாளி வருகிறாரே என்று மாமாவின் அறையை நானே துடைத்தேன். டைல்ஸ் பளபளவென்று இருக்க வேண்டும் என்பதற்காக சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். துடைப்பதற்கு வசதியாக வாக்கரை நகர்த்தியபோது அதன் முன்கால் ஒன்றின் அடியிலிருந்த ரப்பர் புஷ்ஷைக் கழற்றினேன். தானாகக் கழன்றது என்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அத்தனை சுலபமாகக் கழலவில்லை. திருகித் திருகி இழுக்க வேண்டியிருந்தது.

மாமா விழ வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அதிகாரிக்கு முன்னால் சற்றுத் தடுமாறி, பயந்து, திரும்ப உட்கார்ந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். ஆனால் விளையாட்டுக்காரர் அல்லவா, போட்டிக்கு முன்னால் ஓர் ஒத்திகை பார்த்திருக்கிறார். நான் ஹாலில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ சரிந்த சத்தம் கேட்டது. பிறகு விசில். நீளமாக இல்லை, சின்னச் சின்னதாக ஊதினார். நான் இன்னொரு ஷூவையும் கட்டி முடித்துவிட்டுத்தான் போனேன். உடனே ஓடினால் எதிர்பார்த்துக் காத்திருந்தது போல் இருக்குமே.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரை ஏற்ற வாசலில் இடம் வேண்டும் என்றார்கள். நான் காரை எடுத்துத் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஓடி வந்தேன். அங்கே நிறுத்தக் கூடாது என்று பலகை இருக்கிறது. அந்தப் பலகையைக் காட்டி எத்தனையோ பேருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஸ்ட்ரெச்சரை ஏற்றும் நேரத்தில் நகராட்சி அதிகாரியும் வந்து சேர்ந்தார். நல்ல பெண்மணி. மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டார். ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுமதியை நீட்டித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், இனிமேல் நடப்பது கஷ்டம் என்று சொன்னதும் அது ஆயுள் அனுமதியாகவே ஆனது.

அதே நகராட்சியின் இன்னொரு வண்டி அன்று மத்தியானம் என் காரைக் கட்டி இழுத்துப் போயிருந்தது. ஒரு கையால் இடம் கொடுத்தார்கள், இன்னொரு கையால் காரை எடுத்துக்கொண்டார்கள். குற்றவாளிகள் கைரேகையில் மாட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் நோ பார்க்கிங்கில் மாட்டினேன்.

காரை மீட்க நானும் மனைவியும் நகராட்சிக் கிடங்குக்குப் போனோம். காருக்குள் இருந்த சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார்கள். குடை, சீப்பு, கறுப்புக் கண்ணாடி, ரப்பர் புஷ். ஆம், புஷ்ஷை நான் காரில்தான் போட்டு வைத்திருந்தேன். வேலைக்குப் போகும் வழியில் எறிந்துவிடலாம் என்று. அவள் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தபோது நான் மண்டியிட்டு முன் பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்து வந்ததில் ஒரு கீறல் விழுந்திருந்தது.

“இது எப்படிங்க கார்ல வந்துச்சு?”

“கழட்டிப் போட்டேன்.”

“எப்போ?”

“காலைல, தரை துடைக்கிறப்போ.”

சொன்ன பிறகும் கீறலைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். எத்தனையோ பொய் கைவசம் இருந்தது. அவசரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

மாமா இன்னும் நம்பவில்லையாம். மாப்பிள்ளை எச்சரித்துக்கொண்டேதான் இருந்தார், நான்தான் கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீட்டில் ஒருவருக்காவது நன்றி இருக்கிறது.

அவ்வளவுதான் சார், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? காரைச் சாட்சிப் பொருள் என்று உங்கள் ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்தியிருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நிழலில்தான் நிற்கிறது. ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. வாசல் சும்மாதானே கிடக்கிறது என்று என் மனைவியே டெய்லரைக் கூப்பிட்டு அங்கே நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறாளாம். அவருடைய வேனில் அட்டை கிடையாது. நடக்க முடியாதவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் அட்டை இல்லாமல் நிறுத்துவது தப்பில்லையா, சார்?