நடுவில் உட்கார்ந்த மகள்

வடலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அப்பாவும் அம்மாவும். நடுவில் கல்லூரியில் படிக்கும் மகள்.

"ஒரு மணி நேரம் தலையில ஒயர மாட்டிக்கினு உக்காந்தேன். எல்லாம் வீணா?" என்றார் அப்பா.

"மூளை அலை பதிவாச்சுப்பா. எந்தப் படத்த எப்ப பாத்தீங்கன்னுதான் பதிவாகல. கம்ப்யூட்டர்ல படம் காட்டுன என் பைத்தான் புரோகிராம் அனுப்புன சிக்னல், மூளை அலையப் பதியற இ.இ.ஜி. மிஷினுக்குப் போய்ச் சேரல."

"எங்க மைன்ஸ்ல கரி போற பெல்ட்ட சும்மா ஓட்டிப் பாக்காம கரி கொட்டமாட்டோங்க மேடம்," என்றார் அப்பா.

"திங்கக்கிழம ரிசல்ட் காட்டலன்னா புராஜெக்ட் போச்சு. இன்னொரு தடவ உக்காருங்கப்பா."

"ரெண்டு மிஷினும் பேசிக்காதாம். நல்ல குடும்பம்."

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அம்மா மகளிடம் சொன்னார்: "இந்தத் தடவையாவது எண்ணெ வைக்காம தலைக்குக் குளிச்சிட்டு உக்காரச் சொல்லு உங்கப்பாவ."

"ஞாயித்துக்கிழம குளிச்சிட்டு உக்கார்றேன்னு சொல்லு உங்கம்மாகிட்ட."

மகள் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு செய்திகளும் போய்ச் சேர்ந்திருந்தன.