பிரிட்ஜில் இருந்த சுருட்டுப் பெட்டி

— பிரிட்ஜுலயா வெச்சிருந்தீங்க?

— கெட்டுப்போகக் கூடாதேன்னுதான் தம்பி... காய்கறித் தட்டுக்குப் பின்னாடி, துணியில சுத்தி.

— எத்தனை நாளா?

— நாளா... ஏழு வருஷம்.

— சரிதான். ஒண்ணை எடுத்து மோந்து பாருங்கம்மா.

— வெங்காய வாசம் வருது.

— வராம? பக்கத்துல எது இருக்கோ அந்த வாசத்தை இழுத்துக்கும் சுருட்டு. உள்ள இருக்கிற ஈரத்தை பிரிட்ஜ் இழுத்துக்கும். இப்படி ரெண்டு விரலால லேசா அமுக்குங்க... காதுகிட்ட வெச்சு.

— சருகு நொறுங்குற மாதிரி சத்தம் கேக்குது.

— கேக்கக் கூடாது. அமுக்கினா கொஞ்சம் உள்ள போகணும், விட்டா எழும்பணும். அஞ்சும் காஞ்சு போச்சும்மா.

— பெட்டியில உங்க கடைப் பேர் இருந்துச்சுன்னுதான் தேடிப் பிடிச்சு வந்தேன். ஏதாவது வழி இருக்குமே...

— இருக்கு. இறுக்கமா மூடுற டப்பாவுல போட்டு, ஈரப்பஞ்சு ஒண்ணை மேல படாம உள்ள வெச்சு, ஒரு மாசம் பொறுத்துக்கணும். அவசரப்பட்டா மேல சுத்தின இலை வெடிச்சிடும்.

— ஒரு மாசத்துக்கு எங்க போக? நாளைக்கு வீட்டைக் காலி பண்றோம். பையன் வந்து கூட்டிட்டுப் போறான். இன்னைக்கு சாயங்காலம் வேணும்.

— யாருக்கும்மா?

— வீட்டுக்காரருக்குத்தான். பால்கனியில அவர் நாற்காலி இருக்கு. அதுல உக்காந்து... ஒண்ணே ஒண்ணு.

— ...ம்.

— ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

— ஒண்ணுமில்லம்மா. ஏழு வருஷம் எதுக்கு ஒளிச்சு வெச்சீங்கன்னு...

— நான்தான் விடச் சொன்னேன். அப்படி ஒரு இருமல். ஒண்ணு நான், இல்ல இந்தப் பெட்டின்னுட்டேன். பெட்டியை என் கையில குடுத்துட்டு, செருப்பை மாட்டிட்டு வெளிய போயிட்டார். குப்பையில போட்டுட்டேன்னு சொன்னேன். போட மனசு வரல.

— அவருக்குத் தெரியாதா?

— தண்ணி பாட்டில் எடுக்கக்கூட பிரிட்ஜைத் திறக்காத மனுஷன். கூப்பிட்ட குரலுக்கு நானே ஓடணும்.

— அப்ப புதுசு எடுத்துக்கங்க. அவருக்கு அந்தக் கறுப்புச் சுருட்டுதான் சரிப்படும்.

— அவருக்கா... உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இல்ல... பெட்டியில இருக்கிறது கறுப்புதானே. அதை வெச்சு சொன்னேன்.

— காட்டம் வேணாம். முதல் தடவை பிடிக்கிறவங்க தாங்குற மாதிரி குடுங்க.

— முதல் தடவையா?

— ஏழு வருஷம் ஆச்சே... முதல் தடவை மாதிரிதான்.

— அப்படின்னா இது பாருங்க. நிறம் வெளுத்தது, குட்டை. இலையில கிழிசல் இல்ல, புள்ளி இல்ல, கை வெச்சா எண்ணெய் தடவின மாதிரி வழுவழுன்னு இருக்கும். கட்டர் வெச்சிருக்காரா?

— எனக்கு எங்க தெரியும். எப்படி வெட்டணும், எப்படி பத்த வைக்கணும், எல்லாம் சொல்லிடுங்க.

— அதெல்லாம் அவருக்கே தெரியுமேம்மா.

— சொல்லுங்க தம்பி. சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க.

— சரி... மூடின பக்கம் இருக்கில்ல, அந்த நுனியை மட்டும் ஒரே வெட்டு. கீழ இறங்கி வெட்டினா இலை பிரிஞ்சுக்கும். அடுத்த பக்கத்தைத் தீயில வைக்காதீங்க. தீ கிட்ட காட்டி, மெதுவா உருட்டிக்கிட்டே இருங்க. ஓரம் செவக்கும். அப்புறம் வாயில வெச்சு இழுக்கணும்.

— நெஞ்சு வரைக்குமா?

— அய்யய்யோ, வேணாம். வாயோட நிறுத்தி, ருசி பாத்துட்டு விட்டுடணும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும். வெறும் வயித்துல மட்டும் கூடாது, தலை சுத்திடும்.

— காலையிலேர்ந்து ஒண்ணும் இறங்கல...

— யாருக்கு?

— ...போயி சாப்பிட்டுக்கலாம். எவ்வளவு நேரம் வரும் இது?

— முக்கால் மணி நேரம்.

— ஆமா. அவ்வளவு நேரம்தான் வெளிய உக்காந்திருப்பார். நான் உள்ளேர்ந்து, நாத்தம் பொடவையெல்லாம் ஏறுதுன்னு கத்திக்கிட்டே இருப்பேன். கதவை ஒரு தடவையாவது திறந்துட்டுப் போயி பக்கத்துல உக்காந்திருக்கலாம்.

— ...சாம்பலைத் தட்ட வேணாம்மா, அதுவா விழும். முடிஞ்சதும் நசுக்கவும் வேணாம். வெச்சிட்டா தானா அணைஞ்சிடும்.

— தானாவா.

— தானாத்தான். ஒரு நிமிஷம் இருங்க... இந்தாங்க. அந்த வெளுத்தது வேணாம், இதை எடுத்துட்டுப் போங்க.

— இது கறுப்பு ஆச்சே. சீட்டு வேற சுத்தியிருக்கு. யாருக்கோ எடுத்து வெச்ச மாதிரி...

— ஒருத்தர் சொல்லி வெச்சிருந்தார். வரல. காட்டம்தான், முடியலன்னா பாதியில வெச்சிடுங்கம்மா.

— நானா?

— நீங்கதானே பிடிக்கப் போறீங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க.

— அவர் போயி இன்னையோட ஒரு மாசம் ஆச்சு தம்பி. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில, கடைசி வாரம், கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்றார்... காய்கறித் தட்டுக்குப் பின்னாடி அஞ்சு இருக்கு, ஒண்ணு எடுத்துட்டு வா, பத்தகூட வைக்க வேணாம், சும்மா வாயில வெச்சுக்கறேன்னு. எல்லாம் தெரிஞ்சே இருந்திருக்கார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மொதல்ல குணமாகி வீட்டுக்கு வாங்க, என் கையாலேயே தர்றேன்னேன். என்கிட்ட அவர் கேட்ட கடைசி விஷயம் தம்பி. இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— நீங்க மட்டும் இல்லம்மா. பெட்டியைப் பாத்ததுமே யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஏழு வருஷமா ஒண்ணும் வாங்க மாட்டார், வாரம் ஒரு தடவை வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்து, மோந்து பாத்துட்டுப் போவார். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணினார்... அவ தர மாட்டா, நீயாவது ஒண்ணு கொண்டுட்டு வாடான்னார். மொதல்ல குணமாகி வாங்க, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கிறேன்னு நானும் சொல்லிட்டேன். சீட்டைப் பிரிச்சுப் பாருங்க... அவர் பேர்தான் எழுதியிருக்கேன்.