தண்ணீர் திறக்கும் செய்தி

ஆய்வு முன்மொழிவு எழுதுகிறவர்களுக்கு முதல் பக்கம்தான் கஷ்டம் மேடம். அது அமைந்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான், அலெக்ஸ், மும்தாஜ் பேகம். மூவரும் நூலக அறிவியல் இரண்டாம் ஆண்டு. ஏதாவது ஓர் ஊர் மக்களுக்கு எந்தத் தகவல் கிடைக்கவில்லை, அதை எப்படிக் கிடைக்கச் செய்யலாம் என்று எழுத வேண்டும். முதல் பக்கம் என் பொறுப்பு. சேரன்மகாதேவிக்குக் கீழே ஒரு படித்துறை. அங்கே துவைக்கிற பெண்களுக்கு, மேலே அணையில் தண்ணீர் திறப்பதை அறிய எந்த வழியும் இல்லை என்று எழுதினேன். செல்போனில் எச்சரிக்கை அனுப்பலாம் என்பது திட்டம். கல்லூரியில் எங்கள் துறையில் எல்லோரும் பாராட்டினார்கள். நேரில் பார்க்க ஒரு குழு வரும் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் படித்துறைக்கே போனோம்.

நீங்கள் இரண்டு நாள் தேடி நாணலுக்குள்ளிருந்து பிணமாக எடுத்தீர்களே, பார்வதியம்மாள், அவள் எங்கள் கேள்வித்தாளில் ஏழாவது ஆள். துணியை அலசிக்கொண்டே சிரித்தாள். "எங்களுக்கு என்ன பிள்ள குறை? அணையில இருக்க எலியேசர் போன் போடுதாரு. டீக்கடை பிச்சைக்கண்ணு அண்ணாச்சி ஒரு சத்தம் குடுக்காரு. நாங்க ஏறிருதோம்."

மற்ற பதினெட்டுப் பேரும் அதையே சொன்னார்கள்.

திரும்பி வரும் பேருந்தில் மும்தாஜ், "ஏட்டி லேகா, தேவை இல்லன்னு எழுதிக் குடுத்துருவோம்" என்றாள். அவளுக்கு எளிது. எழுதியது நான். தலைப்பை மாற்ற முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. நாலு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அமைதியாக யோசித்தேன். எழுதியதை மாற்ற முடியாது. படித்துறையை மாற்றலாம்.

பிச்சைக்கண்ணுவிடம் நான் மட்டும் போனேன். "ஒரு வாரம் அந்த போன் எனக்கு வரட்டும் அண்ணாச்சி. நான் இங்கனயே இருக்கேன். எல்லார்ட்டயும் நானே சொல்லிருதேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எட்டு வருசமா இந்த போனை விட்டு அசையல தாயி. அம்பாசமுத்திரத்துல மவ பிள்ள பெத்திருக்கா. இன்னும் போய்ப் பார்க்கல."

அன்றைக்கே எலியேசரிடம் என் எண்ணைச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார். அவருக்கு நான் நல்லதுதான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு எலியேசர் கூப்பிட்டார். "திறந்தாச்சு தாயி. முக்கால் மணி நேரத்துல அங்கன வந்துரும். எல்லாரையும் ஏத்திரு."

சரி என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டு மேல் படியில் உட்கார்ந்தேன். தகவல் வராவிட்டால் இவர்கள் எவ்வளவு நேரத்தில் உணர்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். நான் சத்தம் கொடுத்தால் ஆய்வே கெட்டுவிடும். ஆபத்து என்று பட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

பத்து மணிக்குத் தண்ணீர் நிறம் மாறியது. கரையோரம் இருந்த நாலு பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நேரத்தைக் குறித்தேன். பார்வதியம்மாள் ஆற்றுக்குள் தள்ளியிருந்த பாறையில் நின்றாள். ஏறியவர்களில் ஒருத்தி அவளைக் கூப்பிட்டாள். ஏற நேரமும் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அலெக்ஸுக்கும் மும்தாஜுக்கும் எதுவும் தெரியாது. அவர்களை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் மூன்று நாளாகக் கேட்பது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏ பிள்ள, தண்ணி கலங்குதே. போன் எதும் வந்துச்சா?"

"வரலம்மா" என்றேன். "நீங்க பதறாம பைய துவைங்க."

அவள் மறுபடி குனிந்து துணியை எடுத்தாள். அவளைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.