விளக்கின் மேல்பக்கம்

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணுமில்லை, அத்தை. எழுந்தேன். பல் தேய்ச்சேன். காப்பி போட்டேன். கறுப்பு ரொட்டியில சீஸ் வெச்சுத் தின்னேன். என் கப்பைக் கழுவினேன். மாரென் கப்பையும் கழுவினேன்.

— செத்துப்போனவ கப்பை ஏன் கழுவறே?

— பழக்கம்.

— அதெல்லாம் கழுவறே. இந்த விளக்கு மட்டும் கண்ணுல படலை. நான் ஒண்ணும் சொல்லலை, மிக்கெல்.

— உட்காருங்க.

— உட்கார்ந்து கீழேர்ந்து பார்த்தா விளக்கு வெள்ளை வெளேர்னுதான் இருக்கும். எழுந்து நின்னு பாரு. மேசைக்கு மேல இவ்வளவு தாழ்வாத் தொங்குது, மேல்பக்கம் பூரா தூசி. ஈ வேற செத்துக் கிடக்கு. கோபன்ஹேகன்ல எவன் வீட்டு ஜன்னல்லயும் திரை கிடையாது. எதிர்மாடியில நிக்கறவங்க என்ன நினைப்பாங்க?

— யாரும் பார்க்கலை.

— நான் பார்க்கறேனே. உங்க கல்யாணத்துக்கு நான் குடுத்த விளக்கு. சனிக்கிழமை நான் வர்றதுக்குள்ள மாரென் துடைச்சு வெச்சிருப்பா. வாசல்ல கோட்டைக் கழட்டும்போதே சோப்பு வாசனை வரும். அவளுக்குப் பிடிச்ச வேலை அது.

— ம்.

— சுவிட்சை அணைச்சியா? பல்பு ஆறட்டும். நான் விளக்கோட மேல்தட்டைக் கழட்டறேன், நீ துணியைப் பிழி. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுன்னு இருந்தாப் போதும். இன்னும் பிழி. உனக்கு எதுலயுமே பாதிதான்.

— பிழிஞ்சாச்சு.

— மதியம் அவ கல்லறைக்குக் கல்லு வெட்டறவர்கிட்டப் போறேன். மத்தவங்க கல்லுல எல்லாம் 'எல்லாத்துக்கும் நன்றி'னு பொதுவாப் போடுவாங்க. நம்ம கல்லுல அவ வாயால சொன்னதே இருக்கும். 'நன்றி, அம்மா.'

— பேர் மட்டும் போதும், அத்தை.

— ஏன்? ஆஸ்பத்திரி வராந்தாவுல நீதானே சொன்னே, கடைசியா அதைத்தான் சொன்னானு?

— சொன்னேன்.

— அப்ப என்ன, பொறாமையா? உன்னோட குடித்தனம் பண்ணினவ, போறப்ப உன் பேரைக்கூட எடுக்கலை. நான் ஒண்ணும் சொல்லலை. உனக்கு நாளைக்கு இன்னொருத்தி வருவா. எனக்கு இருக்கறது அந்த ரெண்டு வார்த்தைதான்.

— கல்லுல வேண்டாம்.

— காய்ச்சல் வந்த அன்னிக்கே நீ அவளைக் கூட்டிட்டுப் போயிருந்தா, கல்லே வேண்டியிருக்காது.

— அந்தத் தட்டைக் கீழ வைங்க.

— ஏன், உண்மையைச் சொன்னா சுடுதா? வேற ஒண்ணும் கேட்கலைப்பா. எந்தக் குரல்ல சொன்னா, அதை மட்டும் சொல்லு. சிரிச்ச மாதிரியா?

— அவ அப்படிச் சொல்லலை. நீங்க வராந்தாவுல அழுதுக்கிட்டு இருந்தீங்க. நானா ஒண்ணு சொன்னேன்.

— பொய் சொல்றே.

— அன்னிக்குச் சொன்னேன். இன்னிக்குச் சொல்லலை. முதல்ல தட்டை வைங்க.

— வெச்சுட்டேன். என்னதான் சொன்னா என் பொண்ணு? மறைக்காமச் சொல்லு.

— சனிக்கிழமை காலையில கண்ணைத் திறந்தா. ஆஸ்பத்திரிக் கூரையில இருந்த விளக்கையே பார்த்துக்கிட்டிருந்தா. என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: 'அம்மா வந்துடுவாங்களே. இன்னும் விளக்கைத் துடைக்கலையே, மிக்கெல்.'