முதல் பெஞ்சில் இரண்டு சம்பந்திகள்

வில்லாபுரம் போகிற டவுன் பஸ் காளவாசல் நெரிசலில் நின்றது. எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் கல்யாணப் பொண்ணான அவர் மகளும். முகூர்த்தப் பட்டு இருந்த பை அம்மா மடியில் இருந்தது. மகள்தான் ஆரம்பித்தாள்.

“கல்யாணப் பூசையில நா நற்கருணை வாங்கலம்மா.”

“என்னடி இது? சாமியவே வேணாங்கிறியா?”

“நாம கத்தோலிக்கம், மாப்ள புராட்டஸ்டண்ட். அவுகளுக்குத் தரமாட்டேன்னு ஃபாதர் சொல்லிட்டாருல்ல?”

“அது சபைச் சட்டம். உனக்கென்ன வந்துச்சு?”

“அவுக பக்கத்துல முட்டி போட்டுச் சும்மா பாத்துக்கிட்டு இருக்கணும். நா மட்டும் நாக்க நீட்டி அப்பம் வாங்கணுமா?”

“கல்யாணப் பொண்ணு வாங்கலைன்னா சனம் என்ன பேசும்? என்ன பாவம் பண்ணுனாளோன்னு பேசாது?”

“பேசட்டும்.”

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அம்மா குரலைக் குறைக்கவில்லை.

“நீ எப்படியோ போ. நா வாங்காம இருக்க மாட்டேன்.”

“வாங்கும்மா. முத பெஞ்சுல ஓரமா அவுக அம்மா இருப்பாக, அவுகளுக்கும் கெடையாது; நீ உள்ள இருப்ப. ‘கொஞ்சம் கால ஒதுக்குங்க சம்மந்தி, நா மட்டும் போயிட்டு வாரேன்’னு சொல்லிட்டுப் போ.”

பஸ் நகர்ந்தது. அம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.